நாயோட இதயத்தை அளந்த முதுகெலும்பு

ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடிச்சது 1895 நவம்பர்ல. அடுத்த வருஷமே ஐரோப்பாவில் குதிரைக் காலை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க.

எலும்பு உடைஞ்சிருந்தா படத்துல பளிச்சுன்னு தெரியும். ஆனா இதயம் பெரிசாகியிருக்கான்னு எப்படிச் சொல்றது? சிவாவாவுக்கும் கிரேட் டேனுக்கும் ஒரே ஸ்கேலை வைக்க முடியாதே!

1995ல ஜேம்ஸ் புக்கானன், யோர்க் பியூஷெலர் ரெண்டு பேரும் ஒரு வழி சொன்னாங்க. இதயத்தோட நீளத்தையும் அகலத்தையும் எடுத்து, அதே நாயோட முதுகெலும்புல வச்சு அளக்கணும். நெஞ்சுப் பகுதியோட நாலாவது எலும்புல தொடங்கி, எத்தனை எலும்பு நீளம் வருதுன்னு எண்ணணும். ஆரோக்கியமான 100 நாய்களோட சராசரி 9.7. பொதுவா 10.5ஐத் தாண்டினா சந்தேகம். நம்ம பாஷைல சொன்னா, நார்மலைசேஷன்!

இன்னிக்கு அந்த அளவை ஏஐ மென்பொருளே எடுத்துக் கொடுக்குது. ஆனா பக், புல்டாக் மாதிரி இனங்கள்ல நல்லா இருக்குற நாய்க்கே 10.5ஐத் தாண்டலாம். இது மென்பொருளுக்குத் தெரியலேன்னா, இல்லாத நோய்க்கு மாத்திரை கொடுப்போம்.

அமெரிக்காவில் விலங்குகளுக்கான மருத்துவக் கருவியை விற்க எஃப்டிஏ முன் அனுமதி தேவையில்லை. அதாவது, சரியா வேலை செய்யுதான்னு விற்பனைக்கு முன்னாடி அரசு சோதிக்கிறதில்லை. கருணைக்கொலை பண்ணலாமான்னு முடிவெடுக்குற மேசையிலும் இந்த ரிப்போர்ட் இருக்கலாம். அதனால உங்க டாக்டர்கிட்ட கேளுங்க: “படத்தை நீங்களும் பார்த்தீங்களா?”