ஒரே உண்ணி, இரண்டு நோய்கள்: வடகிழக்கு அமெரிக்காவில் இணைத்தொற்று அறியப்பட்ட வரலாறு

லைம் நோயையும் பபேசியா நோயையும் ஒரே வகை உண்ணிதான் பரப்புகிறது என்பது 1980களின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. ஆனால் இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால் நோயின் போக்கு எப்படி மாறும் என்பதைப் பெரிய அளவில் ஆராய்ந்த முடிவு 1996இல்தான் வெளிவந்தது. இரு நோய்களும் வெவ்வேறு துறைகளின் வழியே கண்டறியப்பட்டதே இந்தத் தாமதத்திற்கு முக்கியக் காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

சிவப்பணுவுக்குள் வாழும் ஒட்டுண்ணியான பபேசியா முதலில் கால்நடை மருத்துவத்தின் பொருளாகவே இருந்தது. 1888இல் ருமேனியாவில் விக்டர் பாபெஷ் மாடுகளின் இரத்தத்தில் அதைக் கண்டார். பபேசியாவால் மாடுகளுக்கு வந்த டெக்சஸ் காய்ச்சலை உண்ணியே பரப்புகிறது என்று 1893இல் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் நிறுவினர். மனிதரிடம் முதல் நோயாளி 1957இல் யூகோஸ்லாவியாவில் அறியப்பட்டார். அவர் மண்ணீரல் அகற்றப்பட்டவர். அத்தகையோரை மட்டுமே இந்நோய் தாக்கும் என்ற எண்ணம் 1969இல் உடைந்தது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த நான்டக்கெட் தீவில், மண்ணீரல் உள்ள ஒருவருக்கே இந்நோய் வந்தது. ஹார்வர்டின் ஆண்ட்ரூ ஸ்பீல்மன் அத்தீவில் ஆராய்ந்து, கசகசா அளவே உள்ள இளம் உண்ணிதான் அதைப் பரப்புகிறது என்று 1976இல் காட்டினார்.

லைம் நோயின் வரலாறு மூட்டுவலியில் தொடங்குகிறது. கனெக்டிகட்டின் லைம் ஊரில் பல குழந்தைகளுக்கு மூட்டுகள் வீங்கியதைப் பாலி மரே போன்ற தாய்மார்கள் 1975இல் விடாப்பிடியாக அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். யேல் மருத்துவர் ஆலன் ஸ்டியர் 1977இல் அதைத் தனி நோயாக விவரித்தார். நியூயார்க்கின் ஷெல்டர் தீவில் பிடித்த உண்ணிகளின் குடலில் லைம் நோய்க்குக் காரணமான சுருள் வடிவ பாக்டீரியாவை வில்லி பர்க்டார்ஃபர் கண்ட செய்தி 1982இல் வெளியானது.

மறு ஆண்டே, அதே ஷெல்டர் தீவின் மருத்துவரான கிரன்வால்ட், ஆய்வாளர்களான பார்பர், பெனாக் ஆகிய இருவருடன் சேர்ந்து, இரு நோய்களும் ஒருங்கே வந்ததைப் பதிவு செய்தார். 1985இல் இரண்டும் சேர்ந்திருந்த ஒருவர் இதய அழற்சியால் இறந்ததும், அவரது இதயத் தசையில் அந்தச் சுருள் பாக்டீரியா காணப்பட்டதும் வெளியாயின. ஒரே இளம் உண்ணி இரு கிருமிகளையும் சுமப்பதை 1986இல் பீஸ்மன் குழு காட்டியது. வெண்கால் எலியின் இரத்தத்தைக் குடிக்கும் உண்ணிக்குஞ்சு இரண்டையும் ஒரேயடியாகப் பெற்றுக்கொள்ள முடியும் என்பதால் இதில் வியப்பில்லை.

ஆயினும் மருத்துவமனையில் நிலைமை மாறவில்லை. லைமின் வட்டச் செந்தடிப்பு தோலில் தெரிந்ததும் நோய் இன்னதென்று முடிவாகிவிட்டது. அதற்கு மேல் சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எழவில்லை. காய்ச்சலும் அசதியும் உடல்வலியும் இரண்டுக்கும் பொதுவானவை என்பதால் பபேசியாவுக்கெனத் தனி அடையாளம் எதுவும் வெளியே தெரிவதுமில்லை.

இரண்டும் சேர்ந்தால் நோயின் போக்கு எப்படி மாறும் என்ற கேள்வியை 1996இல் பீட்டர் கிராஸ் குழு முறையாக எழுப்பியது. லைம் நோய் உறுதியான 240 பேரில் 26 பேருக்கு, அதாவது 11 விழுக்காட்டினருக்கு, பபேசியாவும் இருந்தது. அந்த 26 பேரில் பாதிப்பேர் 3 மாதமோ அதற்கு மேலுமோ அவதிப்பட்டனர். லைம் மட்டும் கண்டவர்களில் அப்படி நீடித்தவர்கள் மிகச் சிலரே. என் பார்வையில், இதன் முதன்மையான பயன் சிகிச்சையில்தான். லைமுக்குத் தரும் டாக்சிசைக்ளின் பபேசியாவைக் குணப்படுத்தாது. அதற்கு அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துத் தர வேண்டும். மருந்து உண்டும் காய்ச்சல் தணியாத நோயாளியின் முறையீட்டை மருத்துவர் ஏற்க இந்த ஆய்வு உறுதியான ஆதாரம் தந்தது.

மருத்துவமனைக்கு வெளியேயும் இரண்டுக்கும் தொடர்பு உண்டு: பபேசியா பரவிய இடங்கள் பெரும்பாலும் லைம் ஏற்கெனவே வேரூன்றிய இடங்களே. இதற்கு விளக்கம் தரும் எலி ஆய்வொன்று 2014இல் வெளியானது: சுருள் பாக்டீரியாவும் உடலில் இருக்கும் எலியிடமிருந்து பபேசியா உண்ணிக்குச் செல்வது அதிகரிக்கிறது. தனியாகப் பரவும் திறன் குறைந்த ஒட்டுண்ணி புதிய நிலத்தில் காலூன்றுவதற்கு லைம் பாக்டீரியாவே துணை நிற்கிறது என்று அவ்வாய்வாளர்கள் கருதுகின்றனர்.