பழைய வானும் புதிய கதவும்

உப்புக்குளத்துக் கராஜ் ஒன்றில் அண்மையில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன். கைபிடியைச் சுழற்றி யன்னல் இறக்கும் பழைய 'டொல்பின்' வானுக்கு, அதே வகையைச் சேர்ந்த பிற்கால வண்டியில் கழற்றிய கதவு உட்பலகையையும் யன்னல் சுவிட்சுகளையும் மெக்கானிக் நானா பொருத்திக்கொண்டிருந்தார்.

"பலகையை மட்டும் மாத்தினா வடிவுதான் சேர். மோட்டரும் வயரும் போடாட்டி கண்ணாடி இறங்காது" என்றார். சாரதிப் பக்கத்துப் பிரதான சுவிட்ச் வழியாகவே பெரும்பாலும் மற்றைய யன்னல்களின் மின்சுற்றும் நிறைவுறுகிறது. அதை விட்டுவிட்டால் ஏனையவை ஊமையாகிவிடும்.

இதை வெறும் அலங்கார ஆசை என்று எண்ணிவிடாதீர்கள். இறக்குமதி இறுகிய காலங்களிலெல்லாம் நம்மவர் பழையதையே புதுக்கி ஓட்டினார்கள். 1977க்கு முந்தைய ஆண்டுகளில் ஆங்கிலேயர் காலத்துக் கார்கள் அவ்வாறே பிழைத்தன. 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்து ஏ-40 கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் கதவு திறந்தபோது, வரியோடு சேர்ந்த விலை சாமானியருக்கு எட்டவில்லை.

வானின் சொந்தக்காரர் மடுவுக்கு யாத்திரிகரையும், ஆஸ்பத்திரிக்கு நோயாளரையும் ஏற்றிப் பிழைப்பவர். "இது நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும்" என்றார்.

சுவிட்சை அழுத்தினார் நானா. கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளே உப்புக்காற்று வந்தது. நம் பொருளாதார வரலாற்றை எழுதுவோர் இத்தகைய கராஜ்களுக்கும் ஒருமுறை வரவேண்டும்.