வேலிக்குள் வேட்டை: தென்னாப்பிரிக்காவின் பண்ணைச் சிங்கங்களும் தீராத அறவழக்கும்

தென்னாப்பிரிக்காவில் காட்டில் திரியும் சிங்கங்களைவிட வேலிக்குள் வளர்க்கப்படும் சிங்கங்களின் எண்ணிக்கையே அதிகம். தேசியப் பூங்காக்களிலும் பெரிய காப்பகங்களிலும் சுமார் 3 ஆயிரம் சிங்கங்கள் உள்ளன. 300-க்கும் மேற்பட்ட தனியார் பண்ணைகளிலோ ஏறத்தாழ 8 ஆயிரம் சிங்கங்கள் அடைத்து வைக்கப்பட்டுள்ளன. இவற்றில் பல, வெளிநாட்டு வேட்டைக்காரர்களின் துப்பாக்கிக்காகவே வளர்க்கப்படுபவை.

தப்பிச் செல்ல வழியில்லாத அடைப்புக்குள் விலங்கை விட்டுச் சுடும் இம்முறை ஆங்கிலத்தில் 'கேன்டு ஹன்டிங்' எனப்படுகிறது. டப்பாவில் அடைத்துத் தரப்படும் உணவைப்போல முன்கூட்டியே தயார் செய்யப்பட்ட வேட்டை என்பது அப்பெயரின் உட்பொருள். 1997ஆம் ஆண்டு 'குக் ரிப்போர்ட்' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி இதைப் படம்பிடித்து ஒளிபரப்பியபோதுதான் வெளியுலகம் இத்தொழிலைப் பற்றிப் பரவலாக அறிந்தது.

வேலி மட்டுமே குற்றம் என்று கொள்ள முடியாது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் புகழ்பெற்ற குரூகர் தேசியப் பூங்காவுக்கும் பெரும்பகுதி வேலி உண்டு. 1991ஆம் ஆண்டின் வனவிலங்குத் திருட்டுத் தடுப்புச் சட்டம், போதுமான வேலியிட்ட நிலத்திலுள்ள விலங்குகள் மீது நில உரிமையாளருக்குச் சொத்துரிமை அளித்தது. அதன்பின் மாட்டுப் பண்ணைகள் பல மான் பண்ணைகளாக மாறின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கிப்போன தென்பகுதி வெள்ளைக் காண்டாமிருகம் மீண்டு வந்ததில் தனியார் நிலங்களின் பங்கு பெரிது. அந்நாட்டின் வெள்ளைக் காண்டாமிருகங்களில் பாதிக்கும் மேற்பட்டவை இன்று அந்நிலங்களிலேயே வாழ்கின்றன. வேட்டைக் கட்டணம் இல்லையெனில் அந்நிலம் மீண்டும் மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும் என்ற வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

ஆனால், சிங்கப் பண்ணையின் கதை வேறு. குட்டி பிறந்த சில நாள்களிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. காட்டில் சுமார் இரண்டு ஆண்டுகள் குட்டிகளுடன் திரியும் பெண் சிங்கம், குட்டிகளை இழந்தவுடன் விரைவில் மீண்டும் கருத்தரிக்கும். பண்ணைக்கு அது லாபம். பிரிக்கப்பட்ட குட்டிகள் முதலில் சுற்றுலாப் பயணிகள் மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளப் பயன்படுகின்றன. சற்று வளர்ந்ததும் 'சிங்கத்துடன் நடைப்பயணம்' என்ற பெயரில் வருமானம் ஈட்டுகின்றன. முழு வளர்ச்சி பெற்றபின் வேட்டைக்கு விற்கப்படுகின்றன. இறுதியில் எலும்புக்கூடு ஆசியச் சந்தைக்குப் போகிறது. குட்டிக்குப் புட்டிப்பால் ஊட்டக் கட்டணம் செலுத்தி வரும் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் பலர், அநாதைக் குட்டியைக் காப்பாற்றுவதாகவே நம்பினர் என்பது இத்தொழிலின் கசப்பான பகுதி. 2015இல் வெளியான 'பிளட் லயன்ஸ்' ஆவணப்படம் இச்சங்கிலியை விரிவாகக் காட்டியது.

இத்தகைய வேட்டையை ஒருவர் ஏன் விரும்புகிறார்? உறுதிப்பாடுதான் முதன்மைக் காரணம். காட்டில் சிங்கத்தைத் தேடுபவர் வாரக்கணக்கில் தடம் பார்த்து அலைந்து, வெறுங்கையுடன் திரும்பவும் கூடும். பண்ணையில் சில நாள்களில் காரியம் முடிந்துவிடுகிறது, செலவும் குறைவு, பிடரி மயிரின் அடர்த்தியை முன்கூட்டியே படத்தில் பார்த்துத் தேர்வு செய்யலாம். விடுமுறை குறைந்தவர்கள், முதியவர்கள், நெடுந்தூரம் நடக்க இயலாதவர்கள் ஆகியோருக்கும் இது வாய்ப்பளிக்கிறது என்று பண்ணையாளர்கள் கூறுகின்றனர். பண்ணைச் சிங்கம் ஒன்று சுடப்பட்டால் காட்டுச் சிங்கம் ஒன்று தப்புகிறது என்பது அவர்களின் மற்றொரு வாதம்.

இதை முதலில் மறுப்பவர்களுள் வேட்டைக்காரர்களே இருப்பது கவனிக்கத்தக்கது. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய 'பூன் அண்டு கிராக்கெட் கிளப்', விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு இருந்தால்தான் அது வேட்டை என்ற கொள்கையை வலியுறுத்துகிறது. உயர்வேலிக்குள் கொல்லப்பட்ட விலங்குகளைத் தனது பதிவேட்டில் ஏற்பதில்லை. வளர்ப்புச் சிங்க வேட்டையை ஏற்பதில்லை என 2018இல் 'சஃபாரி கிளப் இன்டர்நேஷனல்' அறிவித்தது. தென்னாப்பிரிக்கத் தொழில்முறை வேட்டைக்காரர் சங்கமோ 2015இல் இவ்வேட்டையிலிருந்து விலகி நின்று, 2017இல் அம்முடிவை மாற்றிக்கொண்டு, அதனால் பிளவுபட்டது.

இவ்விவகாரத்தில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்கு 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள வெளிமான், அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் வேலியிட்ட பண்ணைகளில் கட்டணத்துக்குச் சுடப்படும் விலங்காகும். அயல்நாட்டு விலங்கு என்பதால் அதற்கு அங்கு வேட்டைப் பருவக் கட்டுப்பாடு கிடையாது. அதே டெக்சாஸ் மான்கள்தான், வெளிமான் அற்றுப்போன பாகிஸ்தானின் லால் சுஹான்ரா பூங்காவுக்கு அனுப்பப்பட்டு அங்கு மீண்டும் பெருக வித்திட்டன. வேலி ஒரு பக்கம் இனத்தைக் காக்கிறது. மறுபக்கம் அதே விலங்கை விலைப்பட்டியலில் சேர்க்கிறது.

தென்னாப்பிரிக்க நீதிமன்றங்களில் வழக்கு நேர்க்கோட்டில் செல்லவில்லை. சிங்கத்தைத் திறந்தவெளியில் விட்டு 24 மாதங்கள் தானாக இரைதேடி வாழ்ந்தபின்பே வேட்டையாடலாம் என்று அரசு கொண்டுவந்த விதியைப் பண்ணையாளர்கள் எதிர்த்தனர். அந்தக் கால வரம்புக்குத் தர்க்கரீதியான அடிப்படை இல்லை எனக் கூறி, 2010இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விதி நீங்கியதும் தொழில் மேலும் தழைத்தது. 2019இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் எதிர்த்திசையில் தீர்ப்பளித்தது: வளர்ப்பு விலங்குகளின் நலனைக் கருத்தில் கொள்ளாமல் நிர்ணயிக்கப்பட்ட சிங்க எலும்பு ஏற்றுமதி ஒதுக்கீடுகள் சட்டவிரோதமானவை என்றது. முன்பு 2017இல் இந்த ஒதுக்கீடு 800 எலும்புக்கூடுகளாக இருந்தது.

வெளிநாட்டு அழுத்தமும் கூடியது. 2015இல் ஆஸ்திரேலியாவும் பிரான்சும் சிங்க வேட்டைச் சின்னங்களின் இறக்குமதியைத் தடுத்தன. அதே ஆண்டு ஜிம்பாப்வேயில் 'சிசில்' என்ற சிங்கம் கொல்லப்பட்டது உலகெங்கும் கண்டனத்தை எழுப்பியது. சிசில் பண்ணைச் சிங்கம் அல்ல, ஹ்வாங்கே பூங்காவில் வாழ்ந்த காட்டுச் சிங்கம். எனினும் அக்கோபத்தின் வெப்பம் பண்ணைகளையும் தாக்கியது. 2016இல் தென்னாப்பிரிக்க வளர்ப்புச் சிங்கங்களின் வேட்டைச் சின்னங்களுக்கு அமெரிக்கா கதவடைத்தது. இத்தொழிலின் மிகப்பெரிய வாடிக்கையாளர்கள் அமெரிக்கர்கள் என்பதால் அந்த முடிவே பண்ணைகளை அதிகம் பாதித்தது.

சிங்கம், யானை, சிறுத்தை, காண்டாமிருகம் ஆகியவை குறித்து ஆராய அமைக்கப்பட்ட உயர்மட்டக் குழு, வணிக நோக்கில் சிங்கங்களை வளர்ப்பதை நிறுத்த 2021 மே மாதம் பரிந்துரைத்தது. இது நாட்டின் நற்பெயருக்குக் கேடு என்பதும், காட்டுச் சிங்கப் பாதுகாப்புக்கு இதனால் பயனில்லை என்பதும் அக்குழுவின் கருத்து. 2024 மார்ச் மாதம் அமைச்சரவை இக்கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. பண்ணையாளர்கள் தாமாக முன்வந்து தொழிலைக் கைவிட வழிகாட்டும் பணிக்குழுவின் அறிக்கையும் அதையொட்டி வெளியானது.

தடையைவிடக் கடினமான கேள்வி, இருக்கும் சிங்கங்களை என்ன செய்வது என்பதே. மனிதரைக் கண்டு அஞ்சாமல் வளர்ந்தவை. பலவற்றில் நெருங்கிய உறவுக் கலப்பு. நோய்த்தொற்று அச்சமும் உண்டு. எனவே இவற்றைக் காட்டில் விடுவதை உயிரியலாளர்கள் ஏற்பதில்லை. சரணாலயங்களிலோ ஆயிரக்கணக்கான சிங்கங்களை ஆயுள் முழுவதும் வைத்து இறைச்சி அளிக்க இடமும் பணமும் இல்லை. இனப்பெருக்கத்தைத் தடுக்கக் கருத்தடை செய்வது, எஞ்சியவற்றை வலியின்றிக் கொல்வது, கையிருப்பு எலும்புகளை அகற்றுவது ஆகியவையே பணிக்குழுவின் பரிசீலனையில் இடம்பெற்ற வழிகள். பண்ணைகளை நம்பியுள்ள கிராமத் தொழிலாளர்களின் மாற்று வேலைவாய்ப்பும் அதே பட்டியலில் உள்ளது.