நிற்கத் தெரிந்த உலோகம்



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நச்சுப் பொருள்களின் எச்சரிக்கைச் சின்னங்களை விளக்கிக்கொண்டிருந்தேன். "ஐயா, நஞ்சால் நன்மை ஏதும் உண்டா?" என்று ஒரு மாணவன் கேட்டான். "இல்லை" என்று சொல்லி அமரவைத்துவிட்டேன். வீடு திரும்பிய பின்னரே, ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த வேதியியல் வரலாறு ஒன்று நினைவுக்கு வந்தது. என் விடை தவறு.

நம் சிறுவயதில் தாய்மார்கள் கரண்டியில் ஊட்டிய மீன் எண்ணெயை மறந்திருக்க மாட்டீர்கள். அதிலுள்ள வைட்டமின் ஏ உடலில் குறைந்தால் மாலைக்கண் நோய் வரும். அதன் மூலக்கூறு அமைப்பை 1931-ஆம் ஆண்டு சூரிக்கில் பணியாற்றிய பால் காரர் கண்டறிந்தார். 1947-இல் பாசெல் நகரின் ரோச் நிறுவனத்தில் ஆட்டோ இஸ்லர் குழுவினர் அதனைச் செயற்கையாக உருவாக்கும் வழியை வகுத்தனர்.

அவ்வழியில் இக்கட்டான படி ஒன்று உண்டு. இடையில் உருவாகும் பொருளில் இரு கார்பன் அணுக்களுக்கிடையே முப்பிணைப்பு இருக்கும். இத்தகைய சேர்மங்களை அல்கைன் என்பர். அதனுடன் ஹைட்ரஜனைச் சேர்த்து, முப்பிணைப்பை இரட்டைப் பிணைப்பாக்க வேண்டும். உலோகத்தின் துணையால் ஹைட்ரஜனைச் சேர்க்கும் முறையைப் பிரான்சின் பால் சபாத்தியே 1897-இலேயே நிக்கலைக் கொண்டு காட்டியிருந்தார்; அப்பணிக்காக 1912-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால், வீரியமிக்க உலோகத்துக்கு நிற்கத் தெரியாது. இரட்டைப் பிணைப்பையும் ஒற்றைப் பிணைப்பாக்கிவிடும். ஐந்து இரட்டைப் பிணைப்புகளால் ஆன வைட்டமின் ஏ பின்னர் எப்படிக் கிடைக்கும்?

அதே நிறுவனத்தின் எர்பர்ட் லிண்ட்லார் 1952-இல் ஒரு தீர்வை வெளியிட்டார். பல்லேடியத்தைக் கால்சியம் கார்பனேட் தூளின்மேல் படியவைத்து, ஈய உப்பால் அதற்கு 'நஞ்சூட்டினார்'. குயினோலின் என்னும் திரவம் அதன் வேகத்தை மேலும் தணித்தது. முப்பிணைப்பு உலோகத்தை இறுகப் பற்றும். இரட்டைப் பிணைப்பின் பற்று அதனினும் தளர்வானது. ஆகவே, வீரியம் குறைந்த உலோகப் பரப்பில் முப்பிணைப்பு மட்டும் ஹைட்ரஜனை ஏற்று, இரட்டையானதும் விலகிவிடுகிறது. உலோகப் பரப்பிலிருந்து வருவதால் இரு ஹைட்ரஜன் அணுக்களும் ஒரே பக்கத்தில் சேர்கின்றன. திரவ அம்மோனியாவில் கரைந்த சோடியத்தைப் பயன்படுத்தினாலோ அவை எதிரெதிர்ப் பக்கங்களில் அமைகின்றன. உலோகத்தைத் தேர்ந்தெடுத்தால் விளைவின் வடிவத்தையும் தேர்ந்தெடுக்கலாம்!

ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு என்பதில் ஐயமில்லை. அதனால்தான் ஈயமில்லா வினையூக்கிகளை ஆய்வாளர்கள் இன்று தேடுகின்றனர்.

மறுநாள் அம்மாணவனை அழைத்து, "நேற்று நான் சொன்னது தவறு" என்று கூறி இக்கதையைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது. அவன் கேள்வியை அன்று முப்பது பேர் முன்னிலையில் நான் அடக்கியிருந்தேன். வேகமாக விடை சொல்வதே திறமை என்று எண்ணும் நாமும், எங்கு நிற்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்வோமா?