ஏட்டைக் கிழிக்கலாமா?



தீபாவளிக்கு முன்னர் எங்கள் பள்ளியில் ஒரு சிறிய விற்பனைச் சந்தை நடைபெற்றது. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் பங்கிற்குத் தாள்மணி மாலைகளும் காதணிகளும் செய்து வைத்தார்கள். பழைய நாள்காட்டிகள், விளம்பரத் தாள்கள், எழுதி முடித்த பயிற்சி ஏடுகள் ஆகியவையே மூலப்பொருள். காசு செலவில்லை, பசைக்கும் மெருகெண்ணெய்க்கும் மட்டும் சில வெள்ளி.

பேத்தியை அழைத்துச் செல்ல வந்த ஒரு மூதாட்டி, வகுப்பறை வாசலில் நின்று பிள்ளைகள் ஏடுகளைக் கத்தரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை அருகே அழைத்து, "டீச்சர், எழுத்து இருக்கிற தாளை வெட்டிக் காதில் மாட்டிக்கொள்ளலாமா? சரஸ்வதிக்கு ஆகுமா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. காலில் தாள் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் நானும் வளர்ந்தவள். ஆகையால், "மறுபயனீடு நல்லதுதானே அம்மா" என்று சொல்லி அவரை அனுப்பிவிட மனம் வரவில்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறினேன். யோசிக்கப் புகுந்தபோது பழைய வரலாறு நிறையக் குறுக்கிட்டது. அதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காகிதம் பிறந்ததே கழிவிலிருந்துதான். கி.பி. 105-ஆம் ஆண்டில் சீன அரண்மனை அதிகாரியான சாய் லுன், காகிதம் செய்யும் முறையை மன்னருக்கு அறிவித்ததாகச் சீன வரலாற்று நூல் குறிப்பிடுகிறது. அவர் பயன்படுத்தியவை மரப்பட்டை, சணல் நார், கந்தல் துணி, கிழிந்த மீன்வலை. குப்பையில் போட வேண்டியவற்றை இடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளி உலர்த்தினால் எழுதும் தாள் கிடைத்தது. கந்தலே காகிதமாகும் என்றால், காகிதம் மீண்டும் காகிதமாவதில் வியப்பில்லை.

எழுத்துள்ள தாளை என்ன செய்வது என்னும் மூதாட்டியின் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் நிகழ்ச்சி ஒன்பதாம் நூற்றாண்டு ஜப்பானில் நடந்துள்ளது. சேய்வா என்னும் பேரரசர் 881-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முப்பது அகவை அளவிலேயே காலமானார். புஜிவாரா குலத்தில் பிறந்த அவருடைய துணைவியருள் ஒருவர், மன்னர் தமக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் ஒன்றுதிரட்டினார். அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டவுமில்லை, தீயிலிடவுமில்லை. நீரில் ஊறவைத்துக் கூழாக்கிப் புதிய தாள்களாக வார்க்கச் செய்தார். அந்தத் தாள்களின்மீது, மறைந்தவரின் நற்கதி வேண்டிப் புத்த சமயத்தின் தாமரைச் சூத்திரத்தைப் படியெடுத்தார். 901-இல் நிறைவுற்ற அரசாங்க வரலாற்று நூலில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

கடிதத்திலிருந்த மை முழுவதும் நீங்குவதில்லை. அது கூழில் கலந்து, தாளுக்கு மங்கிய சாம்பல் நிறத்தைத் தருகிறது. ஆகவே அத்தகைய தாளுக்கு 'வெளிறிய மைத்தாள்' என்று பொருள்படும் பெயரை ஜப்பானியர் வழங்கினர். அந்த அம்மையார் எழுதிய ஒவ்வொரு வரியின் அடியிலும் மன்னரின் கையெழுத்து கரைந்து கிடந்தது என்று எண்ணிப் பாருங்கள். இதை எழுத்துக்குச் செய்த அவமதிப்பு என்று யாரால் சொல்ல இயலும்?

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. கியோத்தோவில் அரசாங்கக் காகிதச் சாலை ஒன்று இருந்தது. தொடக்கத்தில் அங்கே உயர்ந்த வெண்தாள் உற்பத்தியானது. காலப்போக்கில் மூலப்பொருள் போதாமல், பழைய அலுவல் தாள்களைக் கரைத்துச் சாம்பல்நிறத் தாள் செய்யும் இடமாக அது மாறிவிட்டது. பேரரசரின் ஆணைகளே அந்தச் சாம்பல் தாளில் எழுதப்பட்டன! இன்று நாம் மறுசுழற்சித் தாளில் அழைப்பிதழ் அச்சிட்டால், "கொஞ்சம் நல்ல தாளாகப் போட்டிருக்கலாமே" என்று உறவினர் முணுமுணுப்பார்கள்.

எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரையில், பழைய தாள் வாங்குவோர் ஜப்பானிய நகரத் தெருக்களில் சுற்றி வந்தனர். நம் ஊர்களில் 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு லாரி வருமே, அதைப் போன்ற தொழில்தான். வாங்கிய தாள் அசாகுசா பகுதியிலுள்ள பட்டறைகளில் கரைக்கப்பட்டு மலிவுத் தாளாயிற்று. வேகவைத்த கூழ் ஆறும்வரை தொழிலாளர்களுக்கு வேலையில்லை. அருகிலிருந்த கேளிக்கைத் தெருக்களில் எதையும் வாங்காமல் வேடிக்கை பார்த்துத் திரும்புவார்கள். பொருள் வாங்காமல் கடைகளைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஜப்பானிய மொழியில் வழங்கும் 'ஹியகாஷி' என்னும் சொல், கூழை ஆறவைக்கும் அந்தச் செயலிலிருந்து வந்தது என்பர். சொல்லின் பிறப்பைக் கேட்டால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்; ஆதலால் இதை வகுப்பில் சொல்லத் தவறுவதில்லை.

கைவினைக்கு வருவோம். வணிகர்களின் பழைய கணக்கேடுகளை மெல்லிய கீற்றுகளாக வெட்டி முறுக்கி நூலாக்கினர் கிராமத்துப் பெண்கள். அந்த நூலைக் கொண்டு 'ஷிஃபு' எனப்படும் துணி நெய்தனர். கணக்கேட்டின் மை, துணியில் சிறுசிறு கரும்புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகளே அதன் அழகு. முறுக்கிய தாள்கயிற்றைப் பின்னி, அரக்குப் பூசிப் பெட்டிகளும் செய்தனர். மர அச்சின்மீது பழைய தாளை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்தபின் அறுத்தெடுத்துப் பொம்மைகள் செய்தனர். எத்தனை தடவை தள்ளினாலும் எழுந்து நிற்கும் தாருமா பொம்மை அந்த வகையைச் சேர்ந்தது. நம் தஞ்சாவூர்ப் பொம்மையின் தூரத்து உறவினர் என்று சொல்லலாம்.

சரி, நம்மிடம் என்ன வழக்கம் இருந்தது? ஓலைச்சுவடிகள் சிதைந்தால், புதிய ஓலையில் படியெடுத்துக்கொண்டு பழையதை ஆற்றில் விடுவதும் தீயில் சேர்ப்பதும் நம் முன்னோர் கண்ட முறை. நோக்கம் மரியாதைதான். ஆனால் படியெடுக்கும் பழக்கம் குன்றியபின் சடங்கு மட்டும் எஞ்சியது. கரிவலம்வந்தநல்லூரில் கோயில் ஏடுகள் நெய்யில் தோய்க்கப்பட்டு ஓமத்தீயில் இடப்பட்டதையும், ஆடிப்பெருக்கில் சுவடிகள் ஆற்றோடு போனதையும் டாக்டர் உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திரம்' நூலில் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். அங்கே ஏடுகளை அழித்தவர்கள் எழுத்தை வெறுத்தவர்கள் அல்லர், வணங்கியவர்கள். படித்துப் பார்க்காமல் வணங்கினார்கள், அவ்வளவே. இதை நான் அந்த மூதாட்டியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் மனம் நோகும். உங்களிடம் சொல்கிறேன்.

எழுத்துள்ள தாளைக் கூழாக்கும் வழக்கமும் நம் வீடுகளில் இருந்ததே! தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருந்த காலத்தில், என் பாட்டி பழைய 'தமிழ் நேசன்' இதழ்களைக் கிழித்துப் பானைத் தண்ணீரில் நான்கு நாள்கள் ஊறப்போடுவார். பிறகு வெந்தயத்தை ஊறவைத்துச் சேர்த்து, உரலில் வெண்ணெய் போல இடிப்பார். கவிழ்த்த குண்டானின்மேல் ஈரத்துணியை விரித்து, அந்தக் கூழை ஒரே கனமாக அப்பி வெயிலில் வைப்பார். நன்றாகக் காய்ந்ததும் குண்டானிலிருந்து கழற்றினால் கூடை தயார். வெந்தயத்தின் வழவழப்பு பசையாகும். கசப்பு, பூச்சியை அண்டவிடாது. அந்தக் கூடையில் மிளகாயும் புளியும் கொட்டி வைத்திருந்தார். அவர் காலில் தாள் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தவறாதவர். செய்தித்தாளை உரலில் இடித்ததை ஒருபோதும் குற்றமாகக் கருதியதில்லை. 1924-இல் தோன்றிய அந்த நாளிதழ் 2019-இல் நின்றுவிட்டது. பாட்டியின் கூடையில் ஒன்றையாவது பத்திரப்படுத்தாமல் போனேனே என்று இப்போது வருந்துகிறேன்.

காஷ்மீரத்தில் இதே கூழ், சோற்றுப் பசையோடு சேர்ந்து எழுதுகோல் பெட்டிகளாகவும் ஓவியக் கிண்ணங்களாகவும் உயர்ந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் சைனுல் ஆபிதீன் சுல்தான் அக்கலையை வளர்த்தார் என்பர். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

இவ்வளவு மதிப்போடு இருந்த தாள் எப்போது குப்பையாயிற்று? ஐரோப்பாவிலும் நெடுங்காலம் கந்தல் துணியிலிருந்தே காகிதம் செய்தனர். கந்தலுக்குப் பெரும் தட்டுப்பாடு. 1800-இல் மத்தியாஸ் கூப்ஸ் என்பவர், அச்சிட்ட தாளிலிருந்து மையை நீக்கி மறுபடி தாளாக்கும் முறைக்கு இலண்டனில் காப்புரிமை பெற்றார். அக்காலத்துச் சீமாட்டிகள் மெல்லிய தாள் கீற்றுகளைச் சுருட்டி ஒட்டிப் பெட்டிகளை அலங்கரித்தனர். இன்று நம் பிள்ளைகள் 'குவில்லிங்' காதணி செய்கிறார்களே, அதன் மூதாதை அதுதான். ஜேன் ஆஸ்டினின் 1811-ஆம் ஆண்டு நாவல் ஒன்றில்கூட ஒரு பெண் இவ்வேலையில் ஈடுபடுவதைக் காணலாம். 1844-ஆம் ஆண்டு அளவில் ஜெர்மனியைச் சேர்ந்த கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதன் பிறகு காடுகளே காகிதமாயின. தாள் மலிந்தது, பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஏடு கிடைத்தது. அது பெரும் நன்மை, மறுக்க முடியாது. ஆனால் ஒரு பக்கம் எழுதிய தாளைக் கசக்கி எறியும் பழக்கமும் அந்த மலிவோடுதான் நுழைந்தது.

எங்கள் மாணவர்கள் செய்த தாள்மணிக்கு நெருங்கிய வரலாறு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. உகாண்டாவின் வடபகுதியில் இருபது ஆண்டுகளுக்குக் குறையாமல் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து தப்பிய அச்சோலி இனமக்கள் பலர் தலைநகர் கம்பாலாவின் கிரேக்கா பகுதியில் குடியேறினர். பெண்கள் கல்குவாரியில் வெயிலில் அமர்ந்து சுத்தியலால் கல்லுடைத்தனர். சாலைக்கான சல்லி, கூலியோ சொற்பம். அவர்களில் சிலர், பழைய சுவரொட்டிகளையும் நாள்காட்டிகளையும் நீண்ட முக்கோணங்களாக வெட்டி, ஊசியில் சுருட்டி ஒட்டி மணிகள் செய்தனர். மெருகு பூசிக் கயிற்றில் காயவைத்து மாலையாகக் கோத்தனர். உள்ளூரில் வாங்குவார் அதிகமில்லை. 2004-இல் அங்கு வந்த அமெரிக்கப் பெண்கள் சிலர் இம்மாலைகளைக் கண்டு, 'பீட் ஃபார் லைஃப்' என்னும் அமைப்பைத் தொடங்கி வெளிநாடுகளில் விற்க வழி செய்தனர். பல பெண்கள் கல்லுடைப்பதை விட்டனர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர்.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. வெளிநாட்டார் விருப்பத்தை மட்டும் நம்பிய தொழில் நிலையானதன்று. எல்லோரும் மணி செய்யத் தொடங்கினால் வாங்குவதற்கு யார் இருப்பார்கள்? அதனால்தான் அந்த அமைப்பே பின்னாளில் சிறுவணிகப் பயிற்சியில் கவனத்தைத் திருப்பியது. மணி விற்ற பணத்தில் வேறொரு தொழிலைத் தொடங்குங்கள் என்பதே அப்பயிற்சியின் சாரம். நம் பள்ளிச் சந்தையில் பெற்றோர் அன்பினால் வாங்கிக்கொள்கிறார்கள். அதை வியாபாரத் திறன் என்று நாம் மாணவர்களிடம் மிகைப்படுத்த வேண்டியதில்லை.

செய்முறை கேட்டு எழுதியிருந்த ஆசிரியர்களுக்காகச் சில சொற்கள். முக்கோணத்தின் அடி அகலமே மணியின் நீளமாகும். கீற்று எவ்வளவு நீளமோ அவ்வளவு பருமன் கிடைக்கும். 2 செ.மீ. அடியுள்ள முக்கோணங்களை ஏ4 தாளின் நீளவாக்கில் தலைகீழாக மாற்றி மாற்றி வரைந்தால், ஒரு தாளில் 20 மணிகள் தேறும். (கணித ஆசிரியர்கள் இதை வடிவியல் பாடத்தில் பயன்படுத்தலாம்.) அகலமான பக்கத்திலிருந்து சத்தே குச்சியில் இறுகச் சுருட்டி, முனையில் மட்டும் பசை தடவவேண்டும். மெருகெண்ணெய் பூசுவதை ஆசிரியரே காற்றோட்டமான இடத்தில் செய்வது நல்லது. முதல் முறை நாங்கள் அவசரப்பட்டு, காயாத மணிகளை ஒரே தட்டில் கொட்டிவிட்டோம். மறுநாள் மணிகளெல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன!

சந்தை முடிந்த வாரத்தில் அந்த மூதாட்டியை மீண்டும் சந்தித்தேன். ஜப்பானிய அம்மையாரின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அவர் கடிதத்தைப் படித்துவிட்டுத்தானே கரைத்தார்? நம் பிள்ளைகள் படித்துவிட்டா வெட்டுகிறார்கள்?" என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. கேள்வியின் நியாயம் அப்போதுதான் முழுமையாக விளங்கியது.

ஆகவே இப்போது வகுப்பில் ஒரு முறையை வைத்திருக்கிறோம். ஏட்டை வெட்டும் முன் மாணவர் அதை முதற் பக்கத்திலிருந்து ஒருமுறை படிக்கவேண்டும். வைத்துக்கொள்ள விரும்பும் பக்கங்களைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையார் சுழியும் இறைவன் பெயரும் உள்ள பகுதிகளைக் கத்தரிப்பதில்லை. அது அந்த மூதாட்டியின் வேண்டுகோள். சென்ற வாரம் ஒரு மாணவன், 'என் தாத்தா' என்று மூன்றாம் ஆண்டில் தான் எழுதிய கட்டுரையைக் கண்டெடுத்தான். நான்கே வாக்கியங்கள், இரண்டில் எழுத்துப் பிழை. தாத்தா இப்போது இல்லை. அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீதி ஏட்டை மணி செய்யக் கொடுத்தான்.

அடுத்த தவணைக்கு வண்ண நாள்காட்டித் தாள்கள் தேவைப்படுகின்றன. வீட்டில் இருப்பவற்றை நீலத் தொட்டியில் போடாமல் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புமாறு பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.