படம், பட்டா, மேப்பிங்

தருமபுரி பக்கத்தில் ஒரு கிரையப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். சொத்து விவரம் எழுதிய இடத்தில் பல நேரம் இரண்டு எண்கள் அடுத்தடுத்து நிற்கும்: பழைய சர்வே எண், புதிய சர்வே எண். வரப்பும் கிணறும் இருந்த இடத்திலேயே இருக்க, பதிவேடு மட்டும் மாறியிருக்கும். கணினியின் இயங்குதளத்துக்கு மையமான கெர்னலுக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. அதற்கு வழங்கும் பெயர் மேப்பிங். தமிழில் எழுதுகிறவர்கள் அதை ‘வரைபடமாக்கல்’ என்று பெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பெயரைப் படித்துவிட்டு, உள்ளே நடப்பது என்னவென்று யாராலும் ஊகிக்க முடியாது. சொல்லின் வழியைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால்தான் பொருத்தமான பெயர் கிடைக்கும்.

லத்தீனில் ‘மாப்பா’ என்றால் துணி. விருந்தில் கை துடைக்கும் துண்டும் மாப்பா. தேர்ப்பந்தயம் தொடங்கச் சைகையாகப் போடும் துணியும் மாப்பா. முதல் நூற்றாண்டு ரோமானிய ஆசிரியர் குவின்டிலியன், இது கார்த்தேஜ்காரர்களின் சொல் என்கிறார். இடைக்கால ஐரோப்பாவில் உலகப் படத்துக்கு ‘மாப்பா முண்டி’, அதாவது உலகத்துணி, என்று பெயர். கன்றுத்தோலில் வரைந்ததையும் அப்படியே அழைத்தார்கள். பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் முண்டி உதிர்ந்து மேப் நின்றது. நேப்கினும் ஏப்ரனும் அதே வீட்டுப் பிள்ளைகள்.

தமிழில் படமும் துணிதான். முல்லைப்பாட்டின் பாசறையில் காவல் நிற்கும் மிலேச்சர் ‘படம்’ புகுந்தவர்கள், அதாவது சட்டை போட்டவர்கள். வள்ளல் பேகன் மயிலுக்குப் போர்வையாகக் கொடுத்தது படாம். கூடாரத் துணி படங்கு. வடமொழியில் ‘பட’ என்றால் துணி. துணியில் ஓவியம் எழுதினார்கள். துணியின் பெயர் ஓவியத்தின்மேல் ஏறியது. பிறகு தேசப்படம், வரைபடம் எல்லாம் வந்தன. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே தடத்தில் நடந்து, துணியில் புறப்பட்டு நிலத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அடுத்த திருப்பம் கணிதத்தில். ஒரு கணத்தின் உறுப்பு ஒவ்வொன்றையும் இன்னொரு கணத்தின் உறுப்போடு இணைப்பதற்கு மேப்பிங் என்று பெயர் வைத்தார்கள். நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ‘உறவுகளும் சார்புகளும்’ பாடத்தில் இரண்டு முட்டை வட்டங்களுக்கு நடுவே அம்பு போடும் அம்புக்குறிப் படம் அதுதான். கணினிக்குப் போன பொருளும் இதுவே: இந்த எண்ணுக்கு நேர் அந்த எண்.

நெட்வொர்க் கார்டு, வட்டுக் கட்டுப்படுத்தி போன்ற சாதனங்கள் செயலியின் கையை எதிர்பார்க்காமல் நினைவகத்தில் தாமே எழுதும். டிஎம்ஏ என்பது இதுதான். சாதனம் சொல்லும் முகவரி ஒன்று, நினைவகத்தின் மெய்யான முகவரி வேறு. நடுவில் நிற்கும் ஐஓஎம்எம்யு, கெர்னல் எழுதி வைத்த அட்டவணையைப் பார்த்து முன்னதைப் பின்னதாக மாற்றிக் கொடுக்கும். அட்டவணையில் பதிவில்லாத முகவரியைச் சாதனம் சொன்னால் தடுத்துவிடும். இந்தச் சாதனம் இந்த இடத்தில் எழுதலாம், இதற்கு மேல் கூடாது என்பதே அந்த அட்டவணையின் சாரம். இது படம் அல்ல, பட்டா.

பட்டா என்ற சொல்லும் துணிக்குத் தொலைவில் இல்லை. வடமொழி ‘பட்ட’ என்பதற்குப் பலகை, தகடு, துணிப்பட்டை எனப் பல பொருள். பட்டயம், அரசனின் நெற்றியில் கட்டும் பட்டம் எல்லாம் அதன் வழி வந்தவை. இன்று பட்டா என்றால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று வருவாய்த் துறை தரும் தாள். நிலத்தின் உருவம் வேண்டுமென்றால் அதற்குப் புலப்படம் தனியாக உண்டு. மேப் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் அடைபட்டுக் கிடக்கும் இரண்டு பொருளைத் தாலுகா அலுவலகத் தமிழ் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது.

அந்தப் பிரிவினைக்குத் தருமபுரி மண்ணில் வேர் இருக்கிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் தருமபுரி அடங்கிய பாராமகாலைத் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு நிர்வாகத்துக்கு வந்தார். அவருடைய உதவியாளர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாண ஆளுநர், 1799 வரை இந்தப் பகுதியில் வேலை பார்த்தார், தருமபுரியில் குடியிருந்தார். வயல் வயலாக அளந்து, உழுகிறவன் பெயரில் நேரடியாக வரி போடும் ரயத்துவாரி முறை உருவெடுத்தது அந்த ஆண்டுகளில்தான். ஆட்சி கைமாறிய அன்று உழவன் ஏரை நிறுத்திவிட்டுப் புது அதிகாரிக்காகக் காத்திருந்திருக்க மாட்டான். பழைய ஏற்பாட்டை நம்பித்தான் உழுதுகொண்டிருந்திருப்பான். புதிய நிர்வாகம் எழுதிய பதிவேடு எல்லாம், உழுதுகொண்டிருந்த நிலத்தின்மேல் எழுதியது.

நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979-ல் தொடங்கிய யுடிஆர் திட்டத்திலும் இதே சிக்கல். பதிவேடுகளைப் புதுப்பித்தபோது உட்பிரிவுகள் மாறின, ஏக்கர் ஹெக்டேர் ஆனது. விட்டுப்போன பெயரும் மாறி ஏறிய பெயரும் இன்றுவரை மனுக்களாக வந்துகொண்டிருக்கின்றன. “யுடிஆர்ல பேரு விட்டுப்போச்சுங்க” என்று சொல்கிறவர் அந்த நிலத்தில் பயிர் வைப்பதை ஒரு போகம்கூட நிறுத்தியிருக்க மாட்டார்.

இனி கெர்னலுக்கு வருவோம். 2005-ல் லினக்ஸ் 2.6.13-ல் கேடம்ப் என்ற ஏற்பாடு சேர்ந்தது. அதை உருவாக்கியதில் நமக்கு அடுத்த ஊரான பெங்களூருவில் இருந்த பொறியாளர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. கெர்னல் நிலைகுலைந்தால், முன்பே ஒதுக்கி வைத்த நினைவகத் துண்டிலிருந்து இன்னொரு கெர்னல் எழும்பி, விழுந்ததன் நினைவகத்தை அப்படியே கோப்பாக எடுத்து வைக்கும். என்ன நடந்தது என்று பிறகு ஆராய அதுவே சாட்சி. மின்சாரத்தை அணைத்துப் போடும்போது சாதனங்கள் எல்லாம் வெறுமையாகித் தொடங்கும். இந்த வழியில் அப்படி ஆகாது. ஆட்சி மாறிய சேதி நெட்வொர்க் கார்டுக்குத் தெரியாது. வந்த பாக்கெட்டுகளைப் பழைய முகவரியில் இறக்கிக்கொண்டே இருக்கும்.

புதிய கெர்னல் வந்ததும் மேப்பிங்கை ரீசெட் செய்து வெறும் அட்டவணையை வைத்தால், சாதனம் எழுத முயலும் ஒவ்வொரு முறையும் தடுக்கப்படும். திரை முழுக்க ‘டிமார்’ என்று தொடங்கும் பிழை வரிகள், சாதன எண்ணும் முகவரியுமாக ஓடும். சில சாதனங்கள் அந்த அதிர்ச்சியில் முடங்கி, கோப்பை எழுத வேண்டிய வட்டே கிடைக்காமல் போகும். அட்டவணை வேண்டாம் என்று ஐஓஎம்எம்யுவை அணைத்தால் அதைவிட மோசம்: சாதனம் சொல்லும் முகவரியே மெய்யான முகவரி ஆகி, யாருடைய நினைவகத்திலோ போய் எழுதிவிடும்.

2015-ல் வந்த லினக்ஸ் 4.2, இன்டெல் வன்பொருளில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. எழுந்த கெர்னல், விழுந்த கெர்னலின் அட்டவணைப் பதிவுகளைத் தன் அட்டவணைக்குப் படியெடுத்துக்கொள்கிறது. பழைய முகவரிகள் தொடர்ந்து செல்லுபடியாகின்றன. சாதனங்கள் பழைய இடத்திலேயே எழுதுகின்றன, யாருக்கும் கேடில்லை. பிறகு சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் ஏறி, தன் சாதனத்தைச் சீராக்கி, முதல் முறை புது இடம் கேட்கும்போது, அந்தச் சாதனத்தின் பழைய பதிவு மட்டும் அடிபட்டுப் புதியது எழுதப்படுகிறது. டிரைவர் ஏறாத சாதனத்தின் பதிவை யாரும் தொடுவதில்லை.

டிமார் என்ற பெயரின் விரிவில் டிஎம்ஏவுக்கு அடுத்து வருவது ‘ரீமேப்பிங்’. மறுவரைபடமாக்கல் என்று அதை எழுத எனக்கு மனமில்லை. ஒவ்வொருவரும் வந்து கேட்கக் கேட்க, அவரவர் பதிவை மட்டும் திருத்தி எழுதும் வேலைக்குத் தருமபுரி தாலுகா அலுவலகத்தில் பெயர் இருக்கிறது: பட்டா மாறுதல். கெர்னலைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘நினைவகப் பட்டா’ என்றும் ‘பட்டா மாறுதல்’ என்றும்தான் எழுதுகிறேன்.