வெண்கழுத்து நாரை: ஏலமலையும் போடி அடிவாரமும்

வெண்கழுத்து நாரை, ஆழமில்லாத நீரிலும் ஈர நிலத்திலும் நடந்து இரை தேடும் பெரிய பறவை. சிகோனியா பேரினத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் சிகோனியா எபிஸ்கோபஸ். நின்றால் ஏறக்குறைய 85 செ.மீ. உயரம் இருக்கும். உடல் கருமை, வெயில் படும்போது அதில் பச்சையும் ஊதாவும் மின்னும். கழுத்து பஞ்சு சுற்றியதுபோல் வெளுத்து மென்மையாக இருக்கும். உச்சந்தலையில் கரிய தொப்பி, அடிவயிற்றில் வெள்ளை, காலில் மங்கிய சிவப்பு, கரிய அலகின் நுனியிலும் சிவப்பு. ஆணையும் பெண்ணையும் பார்வையால் பிரித்தறிய முடியாது. இந்தியா, இலங்கை தொடங்கி இந்தோனேசியத் தீவுகள் வரை இது பரவியுள்ளது. தேனி மாவட்டத்தில் கண்மாய்களையும் நெல்வயல்களையும் ஒட்டியும், மேலே ஏலமலையில் தேக்கடி ஏரிக்கரையிலும் காணப்படுகிறது. நூல்கள் இதைக் காட்டு நீர்நிலைகளின் பறவை என்றே நெடுங்காலம் எழுதிவந்தன. அது அருகிவருகிறது என்ற அச்சமும் அந்த வகைப்பாட்டிலிருந்தே பிறந்தது. கிடைத்துள்ள சான்றுகளோ வேறு திசையைக் காட்டுகின்றன. பாசன நீர், நெல்வயல், கண்மாய், உயர்ந்த மரம் ஆகியவை அருகருகே இருக்கும் வேளாண் நிலமே இதன் முதன்மையான வாழிடம். போடிநாயக்கனூர்ப் பகுதியில் இதன் வருங்காலமும் மலைக்காட்டைவிட அடிவாரக் கண்மாய்களையே நம்பியிருக்கிறது.

இப்பறவை அறிவியல் உலகுக்கு அறிமுகமானதே தமிழகத்தின் கரையிலிருந்துதான். சோழமண்டலக் கடற்கரையிலிருந்து பிரான்சுக்குப் போன ஒரு மாதிரியைக் கொண்டு 1780இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் தம் பறவைகள் வரலாற்றில் இதை விவரித்தார். அந்த வரிசைக்கெனச் செதுக்கப்பட்டுக் கையால் வண்ணம் தீட்டப்பட்ட மார்த்தினேயின் படங்களில் 906ஆம் படம் இந்த நாரை. புஃபோன் லின்னேயசின் இருசொற் பெயரிடலை ஏற்காதவர் என்பதால் பறவைக்கு லத்தீன் பெயர் வைக்கவில்லை. டச்சு மருத்துவரான பீட்டர் போடார்ட், அந்தப் படங்களுக்கு ஒரு பெயர்ப்பட்டியல் தயாரித்து 1783இல் வெளியிட்டபோது ஆர்டியா எபிஸ்கோபஸ் என்று பெயரிட்டார். ஆர்டியா என்பது இன்று கொக்கினத்துக்குரிய பேரினம். அக்காலத்தில் நீண்ட காலும் நீண்ட கழுத்தும் உள்ள பறவை பெரும்பாலும் அதற்குள் போய்விடும். போடார்டின் பட்டியல் மிகச் சில படிகளே அச்சாகி ஏறத்தாழ மறக்கப்பட்டது. 1874இல் டெகெட்மையர் அதை மறுபதிப்புச் செய்த பிறகே அதிலுள்ள பெயர்களுக்கு முன்னுரிமை உண்டு என்பது பரவலாகத் தெரிந்தது. நூற்றுக்கணக்கான இந்தியப் பறவைகளின் பெயர்கள் இப்படி யாரோ எங்கோ தீட்டிய படத்தின் மீது நிற்கின்றன. அந்தப் படத்தில் பறவை இருக்கும். அது எந்த வயலில், எந்தக் கண்மாயில் நின்றது என்பது இருக்காது.

பேரினத்தை முடிவு செய்வதும் எளிதில் நடக்கவில்லை. இதன் கரிய வால் பிளவுபட்டது. அதற்குக் கீழே நீண்ட வெள்ளை இறகுகள் விறைத்து நின்று தாமே வால்போலத் தோன்றும். இந்த அமைப்பைப் பெரிதாக எடுத்துக்கொண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் திசூரா என்ற தனிப் பேரினத்தில் இதை வைத்தார்கள். பிரித்தானிய இந்திய விலங்கியல் வரிசையில் பிளான்ஃபோர்டு எழுதிய பறவைத் தொகுதியிலும் அந்தப் பெயரே வழங்கியது. பின்னர் பறவை ஆய்வாளர் பிலிப் கால் நாரைகளின் கூட்டு நடத்தைகளை ஒப்பிட்டு 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகள், இணைகள் ஒன்றையொன்று வரவேற்கும் முறையிலும் அலகு தட்டும் முறையிலும் இது சிகோனியாக்களோடு ஒத்துப்போவதைக் காட்டின. வாலின் வடிவத்தைவிடப் பறவையின் நடத்தை நம்பகமான சான்றாக ஏற்கப்பட்டது. போர்னியோ, சுமத்ரா காடுகளில் வாழும் ஸ்டார்ம் நாரை சிலகாலம் இதன் துணையினமாகக் கருதப்பட்டது. இன்று அது தனியினம். ஆப்பிரிக்காவில் உள்ளதும் இதேபோல் முகத்தோலின் நிறம், கழுத்துக் கருமையின் விளிம்பு போன்ற வேறுபாடுகளால் சிகோனியா மைக்ரோசெலிஸ் என்ற தனியினம் ஆகும். சத்திமுத்தப் புலவர் தூது விட்ட நாரையை இதனோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது வடக்கும் தெற்குமாக வலசை போகும் பறவை. வெண்கழுத்து நாரை ஊரைவிட்டு அதிக தூரம் போகாதது.

வகைப்பாட்டு வரலாற்றை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. இப்பறவையின் அழிவுநிலையை முதலில் உயர்த்தியதில் களக் கணக்கெடுப்பைவிட இந்தப் பெயர் மாற்றங்களுக்குப் பங்கு அதிகம். ஆப்பிரிக்கப் பறவையும் ஆசியப் பறவையும் ஒன்றாக எண்ணப்பட்டவரை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இது கவலைக்கிடமற்றது. 2014இல் ஆசிய இனம் தனியாகப் பிரிந்ததும் ஒரே அடியில் அழிவுக்கு இலக்காகக்கூடியது என்ற நிலைக்கு ஏற்றப்பட்டது. தென்கிழக்காசியாவில் காடு அழிகிறது, அங்கே இப்பறவை குறைந்துவருகிறது, ஆகவே எங்கும் குறைந்திருக்கும் என்பதே அதன் தர்க்கம். தெற்காசிய வயல்வெளிகளில் இருந்த பெருந்தொகை அந்தக் கணக்கில் உரிய இடம் பெறவில்லை. சுவாதி கிட்டூர், கோபி சுந்தர் முதலிய ஆய்வாளர்கள் வயல்வெளிப் பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்தபோது பறவைகளின் பெரும்பகுதி காப்பகங்களுக்கு வெளியே இருப்பது தெரியவந்தது. 2020இல் நிலை ஒரு படி இறக்கப்பட்டு, அச்சுறுத்தலை அண்மிய இனம் என்றானது.

இரை தேடும் முறையிலேயே வாழிடத்துக்கான முதல் சான்று இருக்கிறது. இந்த நாரை ஆழ நீரில் இறங்காது. நீர் வற்றிவரும் ஓரம், உழுத வயல், அறுவடை முடிந்த ஈரத்தாள், வாய்க்கால் கரை ஆகியவற்றில் தனியாகவோ இணையாகவோ நிதானமாக நடந்து தவளை, நண்டு, நத்தை, வெட்டுக்கிளி, ஓணான், சிறு பாம்பு, மீன் எல்லாவற்றையும் பொறுக்கும். மஞ்சள்மூக்கு நாரை திறந்த அலகைக் கலங்கல் நீரில் துழாவி மீன் பிடிக்கிறது. நத்தைகுத்தி நாரை நத்தையையே பெரிதும் நம்புகிறது. அவ்விரண்டுக்கும் நீர் வேண்டும். வெண்கழுத்து நாரைக்கு ஈரம் போதும். ஏலமலைச் சரிவில் பாறை மீது விரைந்தோடும் ஓடைகளில் இதற்கு வேலை குறைவு. சேறும் புல்லும் சேரும் தட்டை நிலமே இதன் மேய்ச்சல்.

கூடு கட்டும் முறை இன்னும் முக்கியமானது. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூந்தன்குளத்தில் நூற்றுக்கணக்கில் ஒன்றாகக் கூடு வைக்கும். அத்தகைய பறவைகளைக் காக்க ஒரு குளத்துக்கு எல்லை வரைந்தால் போதும். வேடந்தாங்கல் மக்கள் 1798இலேயே ஆட்சியரிடம் கௌல் என்ற உரிமைப் பத்திரம் பெற்றுக் காத்ததும் அப்படி ஒரே இடத்தில் கூடும் பறவைகளைத்தான். வெண்கழுத்து நாரையோ இணை இணையாகப் பிரிந்து, உயர்ந்த மரத்தின் உச்சிக் கவையில் சுள்ளிகளால் மேடை கட்டி மூன்று நான்கு முட்டை இடும். ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாப்பு. அதன்பின் குஞ்சு பறக்க இரண்டு மாதம்வரை ஆகும். ஒரு கூட்டுக்கும் அடுத்த கூட்டுக்கும் நடுவே ஊரே இருக்கலாம். இப்பறவைக்குச் சரணாலய எல்லை வரைய இடமே இல்லை. பாதுகாப்புத் துறைகளின் கணக்கிலிருந்து இது நழுவியதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்தத் தேவைகளை வைத்துப் போடி நிலத்தைப் பார்க்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் ஊர் இது. மேலே போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள். சரிவிலும் அடிவாரத்திலும் இலவம், மா, தென்னை. கீழே கொட்டகுடி ஆற்று நீரைத் தேக்கும் கண்மாய்கள். மீனாட்சிபுரத்து மீனாட்சியம்மன் கண்மாய், பங்காருசாமி நாயக்கர் கண்மாய் போன்றவை வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடைக்குள் மெல்ல வற்றுகின்றன. தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்று நீரால் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அதே நீர் பதினெட்டாம் கால்வாய் வழியே ஆண்டில் சில வாரம் போடி வட்டத்துக் கண்மாய்களையும் எட்டுகிறது. தென்னிந்தியாவில் இந்த நாரை கூடு வைப்பது பெரும்பாலும் குளிர்மாதங்களை ஒட்டி. கண்மாய் விளிம்பு வற்றிச் சேறு வெளிப்படுவதும், குஞ்சுகளுக்குத் தீனி மிகுதியாகத் தேவைப்படுவதும் ஒரே காலத்தில் அமைகின்றன.

வேளாண் நிலமே இதன் வாழிடம் என்பதற்கு எழும் முதல் மறுப்பு தேக்கடி. ஏலமலையில் இப்பறவை நன்கு அறியப்பட்ட இடம் பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஏரி. அது அடர்காடுதானே என்பார்கள். ஆனால் அந்த ஏரி 1895இல் பென்னிகுயிக் கட்டிமுடித்த அணையால் உண்டானது. மதுரைச் சீமையின் வயலுக்காக மேற்கே ஓடிய ஆற்றை மறித்துக் கிழக்கே திருப்பியதால் பள்ளத்தாக்கு மூழ்கியது. கோடையில் பாசனத்துக்கு நீர் இறங்க இறங்கக் கரையில் வெளிப்படும் புல்லும் சேறுமே நாரைக்கு மேய்ச்சலிடம். காட்டுப் பறவை என்பதற்கு எடுத்துக்காட்டாக நிறுத்தப்படும் இடமே பாசன நீர்த்தேக்கமாக இருக்கிறது. கீழே கம்பத்து வயலில் பாய்வதும் மேலே இந்த நாரை நிற்கும் கரையிலிருந்து வடிந்த நீர்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1933இல் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவில் சாலிம் அலி நடத்திய பறவைக் கணக்கெடுப்பின் முகாம்களில் குமுளியும் ஒன்று. அவருக்கு முன்னும் பின்னும் வந்த ஆய்வாளர்களும் பெரும்பாலும் காட்டோரத்தில்தான் முகாமிட்டார்கள். நெல்வயலில் கூடாரம் அடித்துப் பறவை எண்ணியவர்கள் அரிது. காட்டில் தேடியவர்கள் காட்டில் கண்டதை எழுதினார்கள்.

தென்கிழக்காசியாவில் காட்டோடு சேர்ந்து பறவையும் குறைந்ததே என்பது இரண்டாவது மறுப்பு. குறைந்தது உண்மை. ஆனால் அங்கே காடழிவோடு கண்ணியும் துப்பாக்கியும் சேர்ந்தே வந்தன. இந்திய உழவர் நாரையை இரையாகப் பார்ப்பது பொதுவழக்கமில்லை. வயலில் நிற்கும் நாரையை விரட்டவும் மாட்டார். ஒரே பயிர்நிலம் வேட்டை உள்ள நாட்டில் பறவைக்குப் பொறியாகவும் வேட்டை இல்லாத நாட்டில் புகலிடமாகவும் ஆகும்போது, வேறுபாட்டை நிலத்தின் மீது சுமத்துவது சரியான முடிவாகாது.

மூன்றாவது மறுப்பு வலுவானது. வயலில் பறவை நிற்கிறது என்பதாலேயே அங்கே அது தழைக்கிறது என்றாகாது. காட்டில் பிறந்தவை வழியின்றி வயலுக்கு வந்து குஞ்சின்றி மடியலாம். இதற்குப் பதில் கூடுகளில்தான் கிடைக்கும். கால்வாய்ப் பாசனமும் வரப்பு மரங்களும் நிறைந்த ஹரியானாவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கூடுகளைக் கண்காணித்தபோது, வெற்றிபெற்ற கூடு ஒன்றுக்குச் சராசரியாக மூன்று குஞ்சு அளவில் வெளிவந்தது. நாரை இனங்களில் இது நல்ல எண்ணிக்கை. அங்கே அரசமரம் போன்ற நாட்டு மரங்களிலும், வெளியிலிருந்து வந்த யூகலிப்டஸ் மரங்களிலும் கூடு வைத்தன. மகாராஷ்டிரத்தில் கைப்பேசிக் கோபுரத்திலேயே கூடு கட்டிய பதிவு உண்டு. ஹரியானா சமவெளி வேறு, தென்னகம் வேறு என்று சொல்வாரும் இருப்பர். ஆனால் கேரளத்தில் பாரதப்புழை ஆற்றுப்படுகையில், ஊரும் வயலும் சூழ்ந்த இடங்களில் இது இனப்பெருக்கம் செய்வதும் பதிவாகியிருக்கிறது. மரத்தின் இனத்தைவிட அதன் உயரமும், அருகில் ஈர நிலமுமே பறவைக்குக் கணக்கு.

ஆகவே காடு வேண்டாம் என்று பொருளில்லை. கொட்டகுடி ஆறு ஓடுவதே மேலே சோலை இருப்பதால்தான். ஏலத்தோட்டமும் ஒருகாலத்தில் நிழல் மரங்களுக்குக் கீழே காடுபோலவே இருந்தது. இன்று விளைச்சலுக்காக நிழலைக் கவாத்து செய்து குறைக்கிறார்கள், சில வார இடைவெளியில் மருந்தடிக்கிறார்கள். இந்தியாவில் பூச்சிமருந்து மிகுதியாகப் பயன்படும் பயிர்களில் ஏலம் ஒன்று. அந்த மருந்தின் ஒரு பங்கு மழையோடு ஓடைகளில் இறங்குகிறது. தவளையையும் நண்டையும் நம்பிய பறவைக்கு இது கேடு. ஆனால் நாரை மேயும் இடம் அடிவாரமாக இருக்க, பழி முழுவதையும் மலைத்தோட்டத்தின் மீது போடுவது கண்மாய்க் கரையில் நடப்பதைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு வசதியான வழியாகிவிட்டது. நெல் தென்னந்தோப்பாக மாறுவதும், அத்தோப்பில் சொட்டுநீர் வந்து ஈரம் சுருங்குவதும், கண்மாய் ஆக்கிரமிப்பும், கரையில் நின்ற பழைய மருதும் ஆலும் விழுவதும் இப்பறவையை நேராகத் தொடும் மாற்றங்கள்.

தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை 2017 வாக்கில் மீண்டும் எடுத்தபோது தூர்வாருதல், மடை, கலுங்கு, கரை உயர்த்துதல் ஆகியவை பட்டியலில் வந்தன. சீமைக் கருவேலம் அகற்றலும் அதே காலத்தில் நீதிமன்ற உத்தரவின் பேரில் வேகம் பெற்றது. இரண்டும் தேவையான வேலைகள்தான். ஆனால் இயந்திரம் இறங்கும்போது கருவேலத்தோடு கரையின் நாட்டு மரமும் போவதுண்டு. கண்மாயின் சரிந்த விளிம்பைச் செங்குத்தாக வெட்டி ஆழப்படுத்தினால் நீர் கூடும், நாரை நடக்கும் ஆழமில்லாத ஓரம் போய்விடும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இதை வேட்டையாடுவது குற்றம். மேகமலையும் 2021இல் திருவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. இரண்டும் போடிக் கண்மாய்க் கரையில் நிற்கும் ஒரு மரத்தைக் காக்கப் போதா. கண்மாய் வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர் கரையின் பெரிய நாட்டு மரங்களை எண்ணி வரைபடத்தில் குறிப்பதும், ஒரு பக்க விளிம்பையாவது சரிவாக விடுவதும் இந்த நாரைக்கு உடனே செய்யக்கூடிய உதவிகள். இவற்றுக்குத் தனி நிதியோ தனிச் சட்டமோ தேவையில்லை.